ஓநாய் ஓடியும் 'இன் மண்டே' போகவில்லையே?

கேள்வி: ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் 42 பேர். பீரியட் 40 நிமிடம். நேரம், கிழமை, மாதம் சொல்வதை விளையாட்டாக நடத்தலாம் என்று 'வாட்ஸ் த டைம், மிஸ்டர் உல்ஃப்?' விளையாட வைத்தேன். கடிகார பிங்கோவும் ஆடினோம்; நான் சொல்லும் நேரம் தாங்கள் எழுதி வைத்ததில் இருந்தால் அடித்துக்கொண்டே வர வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். மறுநாள் எழுதச் சொன்னால் 'இன் மண்டே', 'அட் மார்னிங்', 'பிஃபோர் டூ டேஸ்' என்றுதான் எழுதுகிறார்கள். பாதிப் பேருக்கு முள் கடிகாரமே சரியாகப் பார்க்கத் தெரியவில்லை. இதற்கு நடுவில் பக்கத்து வகுப்பிலிருந்து சத்தம் என்று புகார் வேறு. விளையாட்டை விட்டுவிட்டுப் பழையபடி கரும்பலகைக்கே போய்விடலாமா? வேண்டாம் என்றால் எந்த விளையாட்டு உதவும்? இன்னொரு சின்ன சந்தேகம்: 'அட் த வீக்கெண்ட்' சரியா, 'ஆன் த வீக்கெண்ட்' சரியா?
– ஓர் ஆசிரியை

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

கரும்பலகைக்கே திரும்பிப் போக வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் ஆட வைத்த விளையாட்டு, நீங்கள் கற்பிக்க நினைத்ததைப் பிள்ளைகளிடம் கேட்கவே இல்லை. அதுதான் சிக்கல்.

ஓநாய் விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் கூட்டாக 'வாட்ஸ் த டைம், மிஸ்டர் உல்ஃப்?' என்று கத்துகிறார்கள். ஓநாய் 'ஃபோர் ஓ'கிளாக்' என்கிறது. எல்லாரும் நாலடி முன்னால் வைக்கிறார்கள். இதில் பிடிபடாமல் தப்பிக்க ஒரு பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்கள். அவ்வளவுதான். 'ஓ'கிளாக்' காதில் விழாவிட்டாலும் நாலடி வைத்துவிடலாம். கேள்வியை வாயசைத்தே ஒப்பேற்றலாம். 'ஆன்', 'இன்', 'அகோ' எதுவும் அந்த விளையாட்டின் பக்கமே வரவில்லை. எண்களை ஓட்டிப் பார்க்க நல்ல விளையாட்டு. உங்கள் சிக்கலுக்கு மருந்து இல்லை.

அதனால் எந்த விளையாட்டை எடுத்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் தொடரைச் சொல்லாமல், அல்லது புரிந்துகொள்ளாமல், ஒரு கெட்டிக்காரப் பிள்ளை ஜெயிக்க முடியுமா? முடியும் என்றால் அந்தப் பிள்ளை அப்படித்தான் ஜெயிக்கும். அதில் தப்பும் இல்லை. விளையாட்டில் குறுக்கு வழி தேடுவதுதான் பிள்ளைகளின் வேலை, அதை அடைப்பது நம்முடைய வேலை.

இனி நீங்கள் எழுதிய தவறுகளுக்கு வருகிறேன். அவை ஒரே ஜாதி இல்லை. 'டென் பாஸ்ட் செவன்' என்பதற்குப் பதில் 'டென் டு செவன்' என்று ஒரு பிள்ளை சொன்னால் கேட்பவர் இருபது நிமிடம் ஏமாந்து போவார். 'டூ டேஸ் அகோ', 'இன் டூ டேஸ்' இரண்டையும் மாற்றிச் சொன்னால் நான்கு நாள் தள்ளிப் போகும். 'லாஸ்ட் வீக்', 'நெக்ஸ்ட் வீக்' அப்படித்தான். 'பிஃபோர்', 'ஆஃப்டர்' அப்படித்தான். இவற்றில் தவறினால் பொருளே மாறிவிடும். ஆனால் 'ஐ ப்ளே இன் மண்டே' என்று சொன்னால்? யாருக்கும் எதுவும் குழம்பாது. திங்கட்கிழமை விளையாடுவான் என்று கேட்டவருக்குப் புரிந்துவிட்டது. 'ஐ ப்ளே மண்டே' என்றாலும் புரியும். கிழமைக்கு முன்னால் வரும் 'ஆன்' இலக்கணத்துக்குத்தான் வேலை செய்கிறது, செய்தியைச் சுமக்கவில்லை.

இந்த வித்தியாசம் விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிய விஷயம். பொருள் மாறும் தொடர்களுக்கு ஒருவரிடம் ஒரு தகவல், இன்னொருவரிடம் வேறு தகவல் என்று பிரித்துக் கொடுக்கும் ஜோடி விளையாட்டுகள் போதும். தவறு செய்தால் விளையாட்டே காட்டிக்கொடுக்கும், நீங்கள் வாய் திறக்க வேண்டாம். ஆனால் 'இன், ஆன், அட்' மூன்றையும் அதே மாதிரி விளையாட்டில் போட்டால் ஒன்றும் நடக்காது. பிள்ளைகள் 'மண்டே, த்ரீ?' 'நோ' 'டியூஸ்டே, ஃபோர்?' 'எஸ்' என்று விறுவிறுவென்று முடித்துவிட்டுக் கையைத் தூக்குவார்கள். அங்கே விதியும் வேண்டும், விதியைக் காக்க ஒரு நடுவரும் வேண்டும். இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

கடிகாரத்துக்கு வருவதற்கு முன்னால் ஒரு சோதனை. ஒரு முள் கடிகாரப் படத்தைக் காட்டி மணி என்ன என்று தமிழில் கேளுங்கள். தமிழிலேயே தடுமாறும் பிள்ளைக்கு அது ஆங்கிலச் சிக்கல் அல்ல, கணக்குச் சிக்கல். ஏழாகப் பத்து நிமிடம் இருக்கும்போது சின்ன முள் ஏறக்குறைய ஏழின் மேலேயே இருக்கும். பிள்ளை அதைப் பார்த்து ஏழு ஐம்பது என்கிறது. இதை ஆங்கில விளையாட்டால் திருத்த முடியாது. இரண்டு சிரமங்களையும் ஒரே நேரத்தில் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள். முள் கடிகாரம் பழகும்வரை எண் கடிகாரத்திலேயே ஓட்டுங்கள். 'செவன் ஃபிஃப்டீன்', 'செவன் தேர்ட்டி', 'சிக்ஸ் ஃபார்ட்டி ஃபைவ்' எல்லாம் முழுக்கச் சரியான ஆங்கிலம்தான். தரத்தில் எதுவும் குறைந்துவிடாது. ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலைப் பல நாடுகளில் பாடநூல் எழுதுகிறவர்கள் பின்பற்றுகிறார்கள். அதன் ஆகக் கீழ்நிலையான ஏ1இல் காலம் குறிப்பதற்குக் காட்டியிருக்கும் எடுத்துக்காட்டுகள் 'நெக்ஸ்ட் வீக்', 'லாஸ்ட் ஃப்ரைடே', 'இன் நவம்பர்', 'த்ரீ ஓ'கிளாக்' என்பவைதான். 'குவார்ட்டர் டு' அந்த வரிசையில் இல்லை. நாம்தான் அதை முதல் வாரத்திலேயே இழுத்துக்கொண்டு வருகிறோம்.

அது வரும்போது தமிழ் பேசும் பிள்ளைக்கு எங்கே இடறும் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏழரை என்பதும் 'ஹாஃப் பாஸ்ட் செவன்' என்பதும் ஒரே கணக்கு: ஏழு கடந்து அரை. ஏழே கால், 'குவார்ட்டர் பாஸ்ட் செவன்' இதுவும் அப்படியே. தமிழில் மணி முதலில் வருகிறது, ஆங்கிலத்தில் கால், அரை முதலில் வருகிறது, அவ்வளவுதான். ஆறேமுக்காலில்தான் இடிக்கிறது. நாம் ஆறோடு முக்காலைக் கூட்டுகிறோம், ஆங்கிலம் ஏழிலிருந்து காலைக் கழிக்கிறது. ஆறேமுக்காலை நேரடியாக மாற்றச் சொன்னால் பிள்ளை 'சிக்ஸ்' என்று தொடங்கி மாட்டிக்கொள்ளும். நாமும் பேச்சில் 'ஏழாகக் கால் மணி நேரம் இருக்கு' என்று சொல்வதுண்டு. அந்த வாக்கியத்திலிருந்து தொடங்குங்கள். 'ஏழாக இன்னும் எவ்வளவு இருக்கு?' என்று தமிழில் நாலைந்து முறை கேட்டுவிட்டு அப்புறம் 'டு செவன்' போனால் பாதி வேலை முடிந்தது.

'பாஸ்ட்', 'டு' இரண்டையும் ஒரே நாளில் அறிமுகப்படுத்தாதீர்கள். பொருளால் நெருங்கிய புதுச் சொற்களைக் கூட்டமாகக் கற்றவர்கள், தொடர்பில்லாத சொற்களைக் கற்றவர்களைவிட மெதுவாகவே கற்றார்கள் என்று தாமஸ் டிங்காம் 1993இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ராபர்ட் வாரிங் 1997இல் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோதும் முடிவு அதே திசையில்தான் இருந்தது. அந்த ஆய்வுகள் சொற்களைப் பற்றியவை. ஆனால் வகுப்பில் நாம் பார்ப்பதும் இதுதான்: 'பாஸ்ட்', 'டு' இரண்டும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் ஏறினால், எது எது என்ற குழப்பமும் சேர்ந்தே ஏறுகிறது. 'பாஸ்ட்' ஒரு வாரம் நன்றாக ஊறட்டும். 'டு' அடுத்த வாரம் வரட்டும். இரண்டும் தனித்தனியாக நின்ற பிறகு விளையாட்டில் மோதவிடுங்கள்.

மோதவிட ஒரு விளையாட்டு. இதை 'வண்டி போச்சா?' என்று சொல்லிக்கொள்ளலாம். ரயில் புறப்படும் நேரம் என்று பலகையில் 6:55 எழுதுங்கள். பிள்ளைகள் இருவர் இருவராக உட்காரட்டும். ஒருவரிடம் ஆறு சீட்டுகள். ஒவ்வொன்றிலும் அவர் ஸ்டேஷனுக்கு வந்து சேரும் நேரம் 6:50, 7:10, 6:40 என்று எண்ணில் எழுதியிருக்கும். அதைத் தோழிக்குக் காட்டாமல் 'ஐ கம் அட் டென் டு செவன்' என்று சொல்ல வேண்டும். தோழி நோட்டில் முள் வரைந்து, வண்டி கிடைத்ததா போய்விட்டதா என்று தீர்ப்பு எழுத வேண்டும். ஆறும் முடிந்ததும் சீட்டைத் திருப்பிச் சரிபார்க்கலாம். 'டென் டு செவன்' என்றால் வண்டி கிடைக்கும், 'டென் பாஸ்ட் செவன்' என்றால் போயே போச்சு. ஒரே ஒரு சின்னச் சொல்லால் வண்டியை விட்டுவிட்டோம் என்பதை அந்தப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். 'நீ பாஸ்ட்னு சொன்னே!' 'இல்லே, டுன்னுதான் சொன்னேன்!' என்று ஒரு சண்டை வரும். அந்தச் சண்டையைத் தடுக்காதீர்கள். அந்த இரண்டு சொல்லையும் பிள்ளைகள் உண்மையிலேயே கவனிக்கும் இடம் அதுதான். 6:55 என்ற சீட்டும் ஒன்று வையுங்கள். 'ஃபைவ் டு செவன்' கிடைத்ததா இல்லையா என்று வகுப்பே விவாதிக்கட்டும்.

முள் தெரியாதவர்கள் வரையாமல் எண்ணில் எழுதிக்கொள்ளலாம். விளையாட்டு கெடாது.

அடுத்தது 'பிஃபோர் டூ டேஸ்'. இது தமிழ் பேசும் பிள்ளைகளிடம் பிடிவாதமாக நிற்கும் தவறு. காரணம் யோசித்துப் பார்த்தால் சுவாரஸ்யமானது. 'இரண்டு நாளைக்கு முன்னால்' என்று நாம் சொல்லும் வரிசையும் 'டூ டேஸ் அகோ' வரிசையும் ஒன்றுதான். எண், நாள், கடைசியில் அந்தச் சொல். பிள்ளை தமிழை அப்படியே பின்பற்றியிருந்தாலே சரியாக வந்திருக்கும். ஆனால் முன்னால் என்றால் 'பிஃபோர்' என்று சொல்பட்டியலில் மனப்பாடம் செய்திருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த மாதிரிச் சொல் எல்லாம் பெயருக்கு முன்னால்தான் வரும் என்றும் அரைகுறையாகப் புரிந்து வைத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து 'பிஃபோர் டூ டேஸ்' பிறக்கிறது. 'அகோ மட்டும் நம்ம ஊர்ப் பழக்கம், கடைசியில் வந்து உட்காரும்' என்று சொல்லிப் பாருங்கள், டக்கென்று பிடித்துக்கொள்வார்கள்.

இதற்கு ஒரு கயிறு போதும். வகுப்பின் முன்னால் குறுக்காகக் கட்டி, நடுவில் 'டுடே' என்று ஒரு அட்டை தொங்கவிடுங்கள். இரு பக்கமும் துணிக் கிளிப்பில் ஏழேழு வெற்று அட்டைகள். ஒரு பக்கம் போன நாட்கள், மறுபக்கம் வரும் நாட்கள். எந்தப் பக்கம் எது என்று முதலிலேயே முடிவு செய்து, கடைசிவரை மாற்றாதீர்கள். முதல் சுற்றில் பேச்சே கேட்க வேண்டாம். நீங்கள் 'த்ரீ டேஸ் அகோ' என்றால் ஒரு பிள்ளை போய் அந்த அட்டையைத் தொட வேண்டும். 'இன் ஃபைவ் டேஸ்' என்றால் மறுபக்கம் போக வேண்டும். முதலில் காதால் கேட்டு உடம்பால் செய்து காட்டட்டும், பேச்சு அப்புறம் வரும் என்பது ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வகுத்த முறை. தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு அது இன்றும் பொருந்துகிறது. ஒருவர் தொடும்போது மற்ற 41 பேர் வேடிக்கை பார்க்கக் கூடாது. அவர்கள் நோட்டில் குறுக்காக ஒரு கோடு கிழித்து அதே இடத்தில் புள்ளி வைக்கட்டும்.

இரண்டாவது சுற்றில் குழு விளையாட்டு. ஒரு குழு ஓர் அட்டையின் பின்பக்கம் ரகசியமாக நட்சத்திரம் ஒட்டியிருக்கும். எதிர்க்குழு 'வாஸ் இட் டூ டேஸ் அகோ?' 'இஸ் இட் இன் ஃபோர் டேஸ்?' என்று கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். 'பிஃபோர் டூ டேஸ்' என்று கேட்டால் அட்டையைத் திருப்ப வேண்டாம், கேள்வி வீண், வாய்ப்பு அடுத்த குழுவுக்கு. 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' மாதிரித் தொடர்களை இந்தக் கயிற்றில் போடாதீர்கள். வருகிற வெள்ளியா, அதற்கடுத்த வெள்ளியா என்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே சண்டை போடும் தொடர் அது. 'நெக்ஸ்ட் வீக்', 'லாஸ்ட் வீக்' போதும்.

'பிஃபோர்' எங்கேதான் வரும் என்று பிள்ளைகள் கேட்டால் பிறந்தநாள் வேட்டைக்குப் போங்கள். என்னைக் கேட்டால் இந்தப் பாடத்துக்கு இதைவிட நல்ல விளையாட்டு இல்லை. செலவு இல்லை, சத்தம் இல்லை, ஒரு பென்சில்கூட வேண்டாம். இருவர். ஒருவர் மனதில் ஒரு தேதி நினைத்துக்கொள்கிறார். சொந்தப் பிறந்தநாள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும், அதனால் கற்பனைத் தேதியாக இருப்பது நல்லது. மற்றவர் 'இஸ் இட் இன் ஜூன்?' என்று மாதத்தைத் தேடுகிறார். மாதம் கிடைத்ததும் தேதி. 'இஸ் இட் ஆன் த டென்த்?' என்று ஒவ்வொன்றாகக் கேட்கிற பிள்ளை திணறும். 'இஸ் இட் ஆஃப்டர் த ஃபிஃப்டீன்த்?' என்று பாதியாக வெட்டுகிற பிள்ளை ஜெயிக்கும். மாதத்தில் 31 நாள் இருந்தாலும் இப்படிப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் அதிகபட்சம் ஐந்து கேள்வியில் தேதி சிக்கிவிடும். இந்த ரகசியத்தை நீங்கள் சொல்லாதீர்கள். யாராவது ஒரு பிள்ளை இரண்டாவது நாளே கண்டுபிடித்து, அதற்கடுத்த நாள் வகுப்பே 'பிஃபோர்', 'ஆஃப்டர்' என்று கேட்க ஆரம்பித்துவிடும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்த இரண்டு சொல்லும் பிள்ளைகளுக்கு வேண்டியதாகிவிடுகிறது. மாதத்துக்கு 'இன்', தேதிக்கு 'ஆன்' என்பதும் ஒட்டிக்கொண்டே வருகிறது. 'ட்வெல்த்', 'தேர்டீன்த்' போன்ற வரிசை எண்கள் இனாம். இங்கே 'பிஃபோர்' ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, 'அகோ' இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறது என்பதை ஒரே ஒரு முறை சுட்டிக்காட்டுங்கள்.

சரி, இனி தலைவலி பிடித்த மூன்று: 'இன், ஆன், அட்'.

தமிழே இங்கே கொஞ்சம் கைகொடுக்கும். ஏழு மணிக்கு என்பது 'அட்'. திங்களன்று என்பது 'ஆன்'. ஜூனில், காலையில், 2012இல் என்பவை 'இன்'. 'க்கு, அன்று, இல்' மூன்றும் மூன்றுக்கு நேராக உட்காருகின்றன. பேச்சில் நாம் அன்று சொல்வதில்லை, 'திங்கட்கிழமை வா' என்றே விட்டுவிடுகிறோம். அந்த வெற்றிடத்தில்தான் பிள்ளைகள் கைக்குக் கிடைத்ததைப் போடுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஆகவே கிழமை வரும்போதெல்லாம் தமிழில் அன்று சேர்த்துச் சொல்லிப் பழக்குங்கள். இந்தக் கணக்கு இரண்டு இடங்களில் தவறும். இரவில், நண்பகலில், நள்ளிரவில் என்று நாம் 'இல்' போட்டாலும் ஆங்கிலம் 'அட் நைட்', 'அட் நூன்', 'அட் மிட்நைட்' என்றே சொல்லும். திங்கட்கிழமை காலையில் என்பது 'ஆன் மண்டே மார்னிங்'. கிழமை கூட வந்துவிட்டால் 'இன்' விலகிக்கொள்ளும். இந்த இரண்டையும் விதியாக விளக்காமல் முழுத் தொடராகவே மனதில் பதிய விடுங்கள். 'திஸ் மார்னிங்', 'லாஸ்ட் நைட்' இரண்டும் அந்த வகைதான். 'டுடே மார்னிங்', 'யெஸ்டர்டே நைட்' என்று எழுதுகிற பிள்ளையிடம் இலக்கணம் பேசிப் பயனில்லை.

விளையாட்டு: ரகசியக் கட்டம். 42 பேரையும் மூன்று மூன்றாகப் பிரித்தால் 14 குழு. இருவர் ஆடுவார்கள், மூன்றாமவர் நடுவர். ஆடும் இருவரும் நோட்டில் ஆளுக்கொரு கட்டம் போடட்டும். மேலே ஐந்து கிழமைகள், பக்கத்தில் நான்கு மணிகள், மொத்தம் 20 கட்டம். எதிராளிக்குத் தெரியாமல் நாலு கட்டத்தில் புள்ளி வைக்க வேண்டும். அந்த நேரமெல்லாம் அவருக்கு வேலை இருக்கிறது. எதிராளி 'ஆர் யூ பிஸி அட் த்ரீ ஓ'கிளாக் ஆன் மண்டே?' என்று கேட்டுக் கேட்டு அந்த நாலையும் பிடிக்க வேண்டும்.

நடுவர் கையில் ஒரு சின்ன அட்டை: 'அட் – மணி, ஆன் – கிழமை'. கேட்பவர் 'ஆன்' விட்டுவிட்டாலோ மாற்றிச் சொன்னாலோ நடுவர் மேசையில் விரலால் ஒரு தட்டு தட்டுவார். என்ன தவறு என்று சொல்லக் கூடாது. கேட்டவர் ஒரே ஒரு முறை திருத்திச் சொல்லலாம். சரியாகச் சொன்னால் பதில் கிடைக்கும், இல்லாவிட்டால் வாய்ப்பு போயிற்று. அந்த ஒரு தட்டுக்கும் திருத்திச் சொல்வதற்கும் இடையில் பிள்ளை யோசிக்கும் இரண்டு நொடிதான் நமக்கு வேண்டியது. நாமே முந்திக்கொண்டு சரியான விடையைச் சொல்லிவிட்டால் அந்த யோசனை நடக்காது. நடுவர் பதவி சுற்றி வரட்டும். மூவரில் அதிகம் கற்பது நடுவர்தான், ஒவ்வொரு வாக்கியத்தையும் காது கொடுத்துக் கேட்டாக வேண்டும் அல்லவா? நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கே அந்த வேலையைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு வாரம் கழித்து மணிகளை எடுத்துவிட்டு அங்கே மார்னிங், ஆஃப்டர்நூன், ஈவ்னிங் என்று போடுங்கள். இப்போது கேள்வி 'ஆர் யூ பிஸி ஆன் மண்டே மார்னிங்?' என்று ஆகும். அதே கட்டம், அதே விதி, தொடர் மட்டும் புதிது. வாரத்துக்கு ஒரு புது விளையாட்டு தேட வேண்டியதில்லை. புது விளையாட்டு வரும்போதெல்லாம் விதியை விளக்கவே பத்து நிமிடம் போய்விடும், அந்தப் பத்து நிமிடமும் தமிழில்தான் போகும். இரண்டு மூன்று விளையாட்டை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மாற்றிக்கொண்டே இருங்கள்.

மூன்று சுவரில் 'இன், ஆன், அட்' என்று ஒட்டிவிட்டு, ஆசிரியர் 'மண்டே' என்றதும் பிள்ளைகள் சரியான சுவருக்கு ஓடும் விளையாட்டு ஒன்று உண்டு. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் முதலில் ஓடும் ஐந்து பேர் பின்னால் மற்றவர்கள் ஓடுவார்கள். உங்கள் வகுப்பில் ஓடவும் இடமிருக்காது, பக்கத்து வகுப்பும் சும்மா இருக்காது. அதையே உட்கார்ந்தபடி ஆடலாம். எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ளட்டும். 'அட்' என்றால் ஒரு விரல், 'ஆன்' என்றால் இரண்டு, 'இன்' என்றால் மூன்று. நீங்கள் 'ஜூலை', 'நைட்', 'சண்டே ஈவ்னிங்' என்று சொல்லச் சொல்ல விரல் காட்ட வேண்டும். யாரையும் பார்த்து எழுத முடியாது, சத்தமும் வராது. யாருக்கு எது வரவில்லை என்பது ஒரே பார்வையில் உங்களுக்குத் தெரிந்துவிடும். பாடம் தொடங்கும்போது மூன்று நிமிடம் போதும்.

பிங்கோவை விட்டுவிட வேண்டாம், ஆனால் அது கேட்பதற்கான விளையாட்டு மட்டுமே என்பது நினைவில் இருக்கட்டும். கடிகாரத்தில் ஐந்து ஐந்து நிமிடமாக எடுத்தாலே 144 நேரங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் இஷ்டத்துக்கு எழுதினால் ஆட்டம் முடியவே முடியாது. பலகையில் 15 நேரம் எழுதி, அதிலிருந்து ஆறைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். 'பிங்கோ' என்று கத்திய பிள்ளை தன் ஆறு நேரங்களையும் வாய்விட்டுப் படித்துக் காட்டினால்தான் வெற்றி. படிக்கத் தடுமாறினால் ஆட்டம் தொடரும்.

ஓநாயும் இருக்கட்டும். பிள்ளைகள் அதை விடமாட்டார்கள். இப்படி மாற்றுங்கள்: ஓநாய் 'பாஸ்ட்' வரும் நேரம் சொன்னால் ஓரடி முன்னால், 'டு' வரும் நேரம் சொன்னால் ஓரடி பின்னால், 'ஓ'கிளாக்' என்றால் அசையாமல் நிற்க வேண்டும். இப்போது எண்ணை மட்டும் கேட்டுத் தப்பிக்க முடியாது. தவறாக அடி வைத்தவர்களை வெளியே உட்கார வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். வெளியே போவது எப்போதும் பயிற்சி அதிகம் தேவைப்படும் பிள்ளைதான். ஆரம்பக் கோட்டுக்குத் திரும்பட்டும், ஆட்டத்திலேயே இருக்கட்டும்.

சத்தத்தைப் பற்றி. ஜோடியாகவும் மூவராகவும் ஆடும் விளையாட்டுகளில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். பக்கத்துக் குழு கத்துகிறது என்று இவர்கள் இன்னும் கத்துவார்கள். கிசுகிசுப்பாகத்தான் கேட்க வேண்டும், பக்கத்துக் குழுவுக்குக் கேட்டால் அவர்கள் உங்கள் ரகசியக் கட்டத்தைத் தெரிந்துகொள்வார்கள் என்று சொல்லிவிட்டால் குரல் தானாகவே தாழும். 'சத்தம் போடாதே' என்று பத்து முறை சொல்வதைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

கடைசியாக, நீங்கள் எழுதியதில் ஒன்று என் கண்ணில் பட்டது. விளையாட்டு முழுக்க வாயால் நடந்தது, சோதனை எழுத்தில் நடந்தது. வாய்க்குப் பழகியது கைக்கு உடனே வந்துவிடாது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் கடைசி ஐந்து நிமிடத்தை எடுத்து வையுங்கள். ரகசியக் கட்டத்தில் கண்டுபிடித்ததை வைத்து எதிராளியைப் பற்றி மூன்று வாக்கியம் எழுதட்டும்: 'ஷீ இஸ் பிஸி அட் த்ரீ ஓ'கிளாக் ஆன் மண்டே.' நடுவர் அதே அட்டையை வைத்துத் திருத்தட்டும். நீங்கள் 42 நோட்டையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், முதல் வாரம் விரல் விளையாட்டும் மணியும் கிழமையும் உள்ள ரகசியக் கட்டமும். பிறகு பிறந்தநாள் வேட்டை. கயிறு அதற்கப்புறம். 'வண்டி போச்சா?' கடைசியில், 'பாஸ்ட்', 'டு' இரண்டும் தனித்தனியாக நின்ற பிறகு. இடையில் எங்காவது வகுப்பு தடுமாறினால் அங்கேயே இன்னொரு வாரம் இருங்கள்.

வீக்கெண்டுக்கு வருகிறேன். 'அட் த வீக்கெண்ட்' பிரிட்டிஷ் வழக்கு, 'ஆன் த வீக்கெண்ட்' அமெரிக்க வழக்கு. இரண்டும் சரி. உங்கள் பாடநூலில் எது இருக்கிறதோ அதையே நடுவர் அட்டையில் எழுதுங்கள். ஒரு பிள்ளை கார்ட்டூனில் கேட்டதை வைத்து மற்றதைச் சொன்னால் மேசையில் தட்ட வேண்டாம் என்று நடுவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.